பாதியில் நின்ற படங்கள்

அத்தியாயம் 17: புதன்கிழமை, பன்னிரண்டு மணி

புதன்கிழமை காலை ஏழே காலுக்கு சகாய ஆனந்த் காபி குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான் மாமியார் சவரிமேரி சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்தாள்.

"ஐயோ மாப்ளே, சர்க்கரை போடவே மறந்துட்டேன். அப்படியே குடிச்சிட்டீங்களா?"

"குடிச்சிட்டேன்."

"கசக்கலியா?"

அவன் யோசித்துப் பார்த்தான். கசந்ததா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஏழு மாதமாக இப்படித்தான். நாக்கும் மனசும் ஒன்றாகப் பாயைப் போட்டுப் படுத்துவிட்டன. ஒரு தடவை வாய்விட்டு அழுதுவிடு என்று பங்குச் சாமியார்கூட சொல்லிப் பார்த்துவிட்டார். வந்தால்தானே அழுவதற்கு?

விடாமல் படித்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். நடுவில் கல்யாணம், காதுகுத்து என்று ஒரு வாரம் விட்டுப்போனவர்களுக்காக மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சகாயத்தின் மனைவி ஜோதி மேரி, சிதம்பரத்தில் இருக்கிற தம்பி ஆரோக்கிய பிரபுவைப் பார்க்கப் போயிருந்தாள். போன இடத்தில் பொறுக்க முடியாத தலைவலி. பிரபு அங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் படம் எடுக்கிறவன். அக்காவுக்குத் தலையில் படம் எடுத்தான். அங்கே எடுக்கிற படங்கள் நெட் வழியாகக் கடலூர் சென்டருக்கு வரும். கடலூரில் இருக்கிற டாக்டர் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். ரிப்போர்ட் வந்ததும் சொல்கிறேன், நீ போய்ப் படு என்று அக்காவை பஸ் ஏற்றிவிட்டான் பிரபு. அது ஒரு புதன்கிழமை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜோதி குழாயடியில் விழுந்தாள். ரிப்போர்ட் பதினொன்றே காலுக்கு வந்தது. மூளையில் மெல்லிய ரத்தக் கசிவு, உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கவும் என்று எழுதியிருந்தது. அதைப் படிக்கும்போது அவள் இல்லை.

"முந்தின நாளே படம் என் கைக்கு வந்திருந்தா விட்டிருப்பேனா?" என்றார் டாக்டர். கல்லறைத் தோட்டத்தில், மண் போட்டு முடித்த கையோடு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி பிரபு சொன்னான்: "நான்தான் அனுப்ப மறந்துட்டேன்."

அன்றைக்கு விட்டதுதான் பேச்சு. மகனோடு சிதம்பரத்தில் இருந்த சவரிமேரி, துணிமணியைக் கட்டிக்கொண்டு மருமகன் வீட்டோடு வந்துவிட்டாள். பெற்ற பிள்ளையோடு அவளும் பேசவில்லை, மச்சானோடு சகாயமும் பேசவில்லை.

இதில் விதியின் குசும்பைப் பாருங்கள். அந்த இரண்டு சென்டருக்கும் நடுவில் படம் ஓடுகிற நெட் வேலையைப் பார்ப்பவனே சகாயம்தான். பத்து மாதமாக அந்த ஓட்டத்தில் ஒரு கோளாறு. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று பாதியில் நின்றுவிடும். ஒன்றரை மணி நேரம் செத்துக் கிடந்து, தானாக எழுந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடும். கடலூரில் உட்கார்ந்தபடியே சகாயம் செய்யாத வைத்தியம் இல்லை. ஒயரை மாற்றச் சொன்னான். பெட்டியை மாற்றச் சொன்னான். கேபிள் கம்பெனிக்காரர்களோடு சண்டை போட்டான். அவர்கள் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: "எங்க லைன் கிளீனா இருக்கு சார்."

போன வாரம் சென்டர் முதலாளி போனில் சொல்லிவிட்டார். "சகாயம், இந்த வாரத்துக்குள்ள என்னன்னு கண்டுபுடிச்சுடு. எனக்கென்னவோ மிஷின்ல கோளாறு இல்ல, ஆள்லதான் கோளாறுன்னு தோணுது. பிரபுவ மாத்திட்டா சரியாயிடும்."

அதனால்தான் இன்றைக்கு அவன் சிதம்பரம் கிளம்புகிறான். ஏழு மாதத்தில் முதல் தடவை.

கிளம்புவதற்கு முன்னால், தினமும் காலையும் மாலையும் செய்கிற வேலையைச் செய்தான். லேப்டாப்பைத் திறந்து, கடலூர் கம்ப்யூட்டரில் 'காத்திருப்பு' என்ற அறையைப் பார்த்தான். அது அவனே கட்டிய அறை. ஒரு தடவை பாதிப் படத்தை முழுப் படம் என்று நினைத்து டாக்டர் ரிப்போர்ட் எழுதிவிட்டு, பிறகு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அன்றைக்கே சகாயம் ஒரு விதி போட்டான். யாருடைய படமாவது வழியில் நின்றால், அந்த நோயாளியின் படங்கள் எல்லாம், பிறகு முழுசாக வந்து சேர்ந்தாலும் சரி, இந்த அறைக்குள் போய் உட்காரும். டாக்டர் கண்ணில் படாது. சகாயம் பார்த்து, சரி என்று வெளியே விட்டால்தான் டாக்டர் மேஜைக்குப் போகும்.

இன்றைக்கு அறையில் ஒருவர்தான் இருந்தார். செவ்வாய்க்கிழமை மாலை மூன்று மணிக்குப் பாதியில் நின்றவர். நேற்று இரவு விட மறந்திருந்தான். வெளியே விட்டான்.

செருப்பை மாட்டும்போது சவரிமேரி வாசலில் வந்து நின்றாள்.

"மாப்ளே, ஒண்ணு கேக்கணும். அங்க பத்து மாசமா எல்லார் படமும் நின்னு நின்னுதான் போவுதாமே?"

"ஆமாம் அத்தே."

"அப்போ ஜோதி படமும் நின்னிருக்கலாம் இல்ல? பிரபு மறக்கற புள்ள இல்ல. சின்னதுல ரெண்டு ரூபா குடுத்து கடைக்கு அனுப்புனா மீதிச் சில்லறைய எண்ணிக் குடுப்பான். அவன் எப்படி அக்கா படத்த மறப்பான்? இத்தினி நாளா எனக்கு இது தோணல பாருங்க. அவன் வாயால சொன்னத அப்படியே புடிச்சிக்கினு நின்னுட்டேன்." அவள் குரல் இறங்கியது. "அவன் அனுப்புனானா இல்லியான்னு மட்டும் பாத்துட்டு வாங்க. என்கிட்ட பொய் மட்டும் சொல்லாதீங்க. அனுப்பியிருந்தான்னா நான் என் புள்ளகிட்ட பேசணும். எனக்கும் வயசாவுது."

"பாக்கறேன் அத்தே," என்றான். ஆறுதலாக இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவனிடம் இல்லை.

பஸ் சிப்காட் கெமிக்கல் ஆலைகளைத் தாண்டும்போது ஜன்னல் ஓரத்து ஆட்கள் முந்தானையாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்தினார்கள். பக்கத்து சீட் அம்மாள் இவனை ஒரு மாதிரி பார்த்தாள், இந்த ஆளுக்கு மட்டும் நாறவில்லையா என்று. ஆலப்பாக்கம் போனது, புதுச்சத்திரம் போனது. ஜோதி கடைசியாக வந்த ரோடு இது என்று நினைத்துப் பார்த்தான். நினைப்பு வந்தது. அதற்குப் பின்னால் வரவேண்டியது வரவில்லை.

ஸ்கேன் சென்டர் கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. பிரபு வாசலிலேயே நின்றான். இளைத்திருந்தான். தாடி வேறு.

"வாங்க மாமா."

"ம்."

"அம்மா நல்லாருக்காங்களா?"

"இருக்காங்க."

"டீ சொல்லட்டா?"

"வேலையப் பாப்போம்."

இரண்டு பேரும் ஒரே அறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிரபு உள்ளே போய்ப் படம் எடுத்தான், வந்தான், அனுப்பினான். சகாயம் ஒரு நோட்டில், கடந்த இரண்டு மாதத்தில் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு நின்றது என்று கம்ப்யூட்டரைப் பார்த்து எழுதினான். இத்தனை நாளும் எத்தனை தடவை நின்றது என்று எண்ணினானே தவிர, கிழமை வாரியாக எழுதியதில்லை. எழுதி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்தான்.

"பிரபு, செவ்வாய்க்கிழமைன்னா எப்பவும் மூணு மணிக்குத்தான் நிக்குது."

"அப்படியா?"

"வியாழக்கிழமை ஒன்றரை. வெள்ளிக்கிழமை பத்தரை. சனிக்கிழமை ஒம்போதுக்கு, கடை தொறந்ததுமே. திங்கக்கிழமை ஒரு தடவகூட நிக்கல."

"மிஷினுக்குக் கிழமை தெரியுமா மாமா?"

"தெரியாது," என்றான் சகாயம். "மனுசங்களுக்குத்தான் தெரியும். புதன்கிழமை பன்னண்டு."

அப்போது மணி பதினொன்று ஐம்பத்தேழு. ஒரு முதியவரின் இடுப்புப் படங்கள் கடலூருக்குப் போய்க்கொண்டிருந்தன. திரையில் பச்சைக் கோடு நிதானமாக நகர்ந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். பன்னிரண்டு அடித்ததும் கோடு நின்றது.

சகாயம் எழுந்தான். வரவேற்பு மேஜைக்கு மேலே, ஏதோ நகைக்கடையில் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் வீட்டில் தொங்குவது பங்குக் கோயில் காலண்டர். அதில் புனிதர்களின் திருநாள் இருக்கும், ஒருசந்தி நாள் இருக்கும். இதில் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் வேறு கணக்கு இருந்தது. ராகு காலம், பகல் 12.00 முதல் 1.30 வரை. தாளைத் தூக்கி வியாழனைப் பார்த்தான். ஒன்றரை முதல் மூன்று. வெள்ளி, பத்தரை முதல் பன்னிரண்டு. திங்கள் வரை புரட்டினான். ஏழரை முதல் ஒன்பது. ஒன்பது மணிக்குத்தானே சென்டரே திறக்கிறார்கள்.

ராகு காலம் என்று ஒன்று இருப்பது அவனுக்கும் தெரியும். தமிழ்நாட்டில் பிறந்துவிட்டுத் தெரியாமல் இருக்குமா? எந்தக் கிழமைக்கு எந்த நேரம் என்று மனப்பாடமாகத் தெரியாது, அவ்வளவுதான். பிரபுவுக்கும் தெரியாது. வேதக்காரப் பிள்ளைகள் இரண்டு பேரும் பத்து மாதமாகக் கம்ப்யூட்டரைக் குடைந்துகொண்டிருந்தார்கள், தலைக்கு மேலே காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

சுவரோடு போன ஒயரைக் கையால் தொட்டபடியே சகாயம் மாடிப்படி ஏறினான்.

மாடி வீட்டு ஹாலில் பிரிட்ஜுக்கு மேலே நெட் பெட்டி இருந்தது. கேபிள்காரருக்குக் கம்பத்திலிருந்து இழுக்க அதுதான் வசதி என்று அங்கே மாட்டிவிட்டு, ஒயரைக் கீழே இறக்கியிருந்தார். பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், பூத்தொடுக்கிற தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரம்மா, சிவகாமியம்மாள்.

"யாருப்பா?"

"கீழ சென்டருக்கு நெட் வேலை பாக்கறவன்மா. கடலூர்லேர்ந்து வர்றேன். இந்த ஸ்விட்ச்..."

"நான்தான் அணைச்சேன். ஒன்றரைக்குப் போட்டுடுவேன், கவலைப்படாத."

"தினமும் அணைப்பீங்களா?"

"ஒருநாள் விட்டதில்ல." அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையே இருந்தது. "உக்காரு தம்பி. ஏன் நிக்கற?"

"யார்கிட்டயும் சொல்லலியாம்மா?"

"யாரு கேட்டாங்க? கேபிள்காரத் தம்பி நாலு தடவ வந்துது. அது வர்றப்பல்லாம் நான் போட்டுத்தான் வெச்சிருந்தேன். பெட்டியப் பாத்துது, நல்லாருக்குதுன்னு போயிட்டுது. என்னை ஒரு வார்த்த கேட்டா சொல்லியிருப்பேன்."

சகாயம் உட்கார்ந்தான். சுவரில் ஒரு ஆணின் படம், பொட்டு வைத்து, கதம்பம் சாத்தியிருந்தது.

"எங்க வூட்டுக்காரரு," என்றாள் சிவகாமியம்மாள். "சேதுமாதவன்னு சொன்னா இந்த வீதியில தெரியாதவங்க கெடையாது. போன வருஷம் வயித்த வலிக்குதுன்னாரு. நம்ம வூட்டுக்குக் கீழதான படம் எடுக்கறாங்கன்னு எடுத்தோம். வெள்ளிக்கிழமை, பத்தே முக்கா. பன்னண்டுக்கு மேல அனுப்பச் சொல்லுங்கன்னேன். சிரிச்சாரு. கம்ப்யூட்டருக்கு ஏதுடி ராகு காலம்னாரு. அன்னிக்கு சாயங்காலம் ரிப்போர்ட்டு வந்துது. மூணே மாசம்."

பூவைத் தொடுத்தபடியே பேசினாள். கை ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"அப்புறம் எனக்கு மனசே கேக்கல தம்பி. கீழ வந்து உக்கார்றவங்க மூஞ்சிய நீ பாத்திருக்கியா? நான் தினமும் பாக்கறேன். இவுங்களுக்கு நம்மளால ஆனது என்னன்னு யோசிச்சேன். அவுங்க படம் கெட்ட நேரத்துல போவக் கூடாது. அவ்வளவுதான். ஒரு ஸ்விட்ச்ச அணைக்கறதுக்கு எனக்கென்ன கஷ்டம்?"

சகாயம் கோபத்துக்காகக் காத்திருந்தான். ஒரு மனிதனுக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது என்று அவனுக்குத் தெரிந்தது. காத்துக் காத்துப் பார்த்தான். அந்த அம்மாள் பூவைத்தான் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவ ஒரு பொண்ணு வந்துது," என்றாள் அவள். "இதே மாதிரி புதன்கிழமைதான். படம் எடுத்துட்டு, நெத்தியப் புடிச்சிக்கினு நம்ம மாடிப்படியில உக்காந்திருந்துது. கழுத்துல சின்னதா ஒரு சிலுவை. பாவமா இருந்துது. மோர் கரைச்சிக் குடுத்தேன். பயப்படாதம்மா, உன் படம் நல்ல நேரத்துலதான் போவும், நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். சிரிச்சுது. அழகா சிரிச்சுது. கடலூருன்னு சொன்ன ஞாபகம். உனக்குத் தெரியுமா தம்பி, அந்தப் பொண்ண?"

"தெரியும்மா."

"இப்போ தேவலையா?"

அந்தப் புதன்கிழமை மாலை வண்டியில் பின்னால் உட்கார்ந்து, அவன் முதுகில் நெற்றியை அழுத்திக்கொண்டு ஜோதி பேசியது நினைவுக்கு வந்தது. மாடி வீட்டம்மா மோர் குடுத்தாங்கங்க, இஞ்சி தட்டிப் போட்டு. அதக் குடிச்சப்புறம்தான் கொஞ்சம் உயிர் வந்துது.

"மோர் நல்லாருந்துதுன்னு சொன்னா," என்றான் சகாயம்.

சிவகாமியம்மாள் முகம் மலர்ந்தது.

"அம்மா, இனிமே அணைக்காதீங்க," என்றான். "அணைச்சா படம் பாதியில நின்னுடுது. ரிப்போர்ட்டு வர லேட்டாவுது."

"பாதியிலயா?" அவள் கை முதல் தடவையாக நின்றது. "நான் மொத்தமா கெளம்பாம நிக்கும்னுல்ல நெனச்சேன். நேரம் ஆனதும் கெளம்பும்னு. பாதி வழியில போயா நிக்குது?"

"ஆமாம்மா."

அவள் எழுந்தாள். சுவர்ப் படத்தை ஒரு தடவை பார்த்தாள். ராகு காலம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வாய்க்குள் நடராஜரைக் கூப்பிட்டுக்கொண்டே ஸ்விட்சைப் போட்டாள். பெட்டியில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

கீழே வந்து சகாயம் விஷயத்தைச் சொன்னான். பிரபு முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, திரையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டான்.

"அப்போ நீ மறக்கல," என்றான் சகாயம்.

"மறந்துட்டேன் மாமா. அன்னிக்கே சொன்னேனே."

"அக்காவுக்குப் படம் எடுத்தது பதினொன்னே முக்காலுக்கு. அன்னிக்கும் புதன்கிழமை. பன்னண்டுக்கு அந்தம்மா அணைச்சிருக்காங்க. அந்த நாளத் தொற, பாப்போம்."

"அதெல்லாம் எப்பவோ அழிஞ்சிருக்கும் மாமா. விடுங்க."

"அழியாது. அழியாம இருக்கணும்னு செஞ்சு வெச்சவனே நான்தான்."

பிரபு நகரவில்லை. சகாயமே நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ஏழு மாதமாகத் திறக்காத அந்தத் தேதியைத் திறந்தான். அங்கே எல்லாம் இருந்தது. 11.57, ஜோதி மேரி, முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள், அனுப்பத் தொடங்கியது. 12.00, நூற்று நாற்பத்தொன்றில் நின்றது. 12.05, மறுபடி முயற்சி, முடியவில்லை. 12.10, 12.15, 12.20 என்று வரிசையாக அதே. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒன்றரை மணி நேரம் பிரபு அந்தப் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். 1.33, மறுபடி தொடங்கியது. 1.40, முந்நூற்றுப் பன்னிரண்டும் கடலூரில் சேர்ந்தது.

ஒன்று நாற்பதுக்கு. புதன்கிழமையே.

"சேர்ந்திருக்கே," என்றான் சகாயம். "அப்புறம் ஏன் டாக்டர்..."

வாக்கியம் முடியும் முன்னாலேயே அவன் விரல்கள் லேப்டாப்பைத் திறந்துவிட்டன. காத்திருப்பு அறை. அதன் வருகைப் பதிவு. புதன் 1.40, ஜோதி மேரி, உள்ளே வைக்கப்பட்டது. அடுத்த வரி வியாழன் 10.50. வெளியே விட்டவர், பிரபு.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மச்சானுக்கு அந்த அறையின் பாஸ்வேர்டைக் கொடுத்து வைத்தவனும் சகாயம்தான்.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு சகாயம் அந்த அறையைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அன்றைக்குப் பார்க்கவில்லை. நான்கு மணிக்கு ஜோதி பஸ்ஸிலிருந்து போன் செய்தாள். தலை ரொம்ப வலிக்குது, ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கினு வர்றீங்களா என்று கேட்டாள். அவன் லேப்டாப்பை மூடிவிட்டு ஓடினான். அதற்குள்ளேதான் அவள் தலை இருந்தது, முந்நூற்றுப் பன்னிரண்டு படமாக. மூடிவிட்டு அவளைக் கூட்டிவரப் போனான்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றான்.

பிரபு சுவரைப் பார்த்துப் பேசினான். "வியாழக்கிழமை அக்கா விழுந்துட்டான்னு நீங்க போன் பண்ணீங்க. ஒம்போதுக்கு சென்டர் தொறந்ததும் கடலூர் கம்ப்யூட்டர்ல தேடுனேன். ரிப்போர்ட்டு வரிசையில இல்ல. அங்க தேடி இங்க தேடி, கடைசியா அந்த ரூம்ல இருந்துது. எடுத்து விட்டேன். அதுக்குள்ள..."

"ஏன்டா மறந்துட்டேன்னு சொன்ன?"

"பின்ன என்ன சொல்றது மாமா? நீங்க அந்தக் குழிகிட்ட நின்னுக்கினு இருந்தீங்க. உங்க மூஞ்சியப் பாத்தேன். என்ன சொல்றதுன்னு தெரியல, வாயில அதான் வந்துது." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "அப்புறம் யோசிச்சேன், அதுவே இருக்கட்டும்னு. அம்மா என்னைத் திட்டிட்டு உங்ககிட்ட வந்தாங்க. உங்களத் திட்டுனா எங்க போவாங்க? அக்கா வூட்ல, அக்கா பாத்திரத்துல சமைச்சிக்கினு இருக்காங்க. அது அவுங்களுக்கு வேணும் மாமா. தயவுசெஞ்சு அம்மாகிட்ட சொல்லாதீங்க. கேபிள்காரன் தப்புன்னு சொல்லிடுங்க. யாருக்கும் நஷ்டமில்ல."

சகாயம் முதலாளிக்கு போன் போட்டு, கோளாறு சரியாகிவிட்டது, ஆளில் ஒரு குறையும் இல்லை என்று மட்டும் சொன்னான். கிளம்பும்போது பிரபுவின் தோளில் கை வைத்தான். எடுக்கவேண்டும் என்று தோன்றவில்லை. பஸ்ஸுக்கு நேரமானதால்தான் எடுத்தான்.

வீட்டுக்கு வந்து சேரும்போது மணி ஐந்தரை. சவரிமேரி ஒன்றும் கேட்காமல் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்தவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"என்ன மாப்ளே?"

"சர்க்கரை ஜாஸ்தி அத்தே."

காலையில் மறந்ததுக்கும் சேர்த்து இரண்டு பங்கு போட்டிருந்தாள். அவள் அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். அவனுக்கோ தித்திப்பு தொண்டை வரைக்கும் போய் நின்றது. ஏழு மாதத்தில் நாக்குக்கு ஒன்று தெரிகிறது, அது இன்றைக்கா தெரிய வேண்டும் என்று இருந்தது. கண் எரிந்தது.

"அனுப்பியிருக்கான் அத்தே," என்றான். "அன்னிக்கே அனுப்பியிருக்கான். ஒன்றரை மணி நேரம் சோறு தண்ணி இல்லாம உக்காந்து திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கான்."

சவரிமேரி அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சேசுவே, சேசுவே என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு இடுப்பிலிருந்த போனை எடுத்தாள். நம்பரைத் தேடவில்லை, விரல் தானாகப் போனது. காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"அம்மா?" என்றது பிரபுவின் குரல்.

"சாப்ட்டியாடா?"

அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆள் சின்னப் பிள்ளையைப் போல அழுகிற சத்தம் சமையலறை முழுக்கக் கேட்டது. சவரிமேரியும் அழுதாள். சகாயம் இருவரையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்த பிறகுதான் அவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

"மாப்ளே, அவன் அனுப்பிட்டான். இங்க வந்து சேந்துச்சா?"

"சேந்துச்சு."

"எப்போ?"

"புதன்கிழமை மத்தியானமே."

"அப்போ டாக்டர் கைக்குப் போவாம அது எங்க நின்னுச்சு?"

"அம்மா, அது கேபிள்காரன் தப்பும்மா!" என்று போன் அலறியது. "மாமா, வேணாம் மாமா. மாமா!"

சவரிமேரி போனைப் பார்க்கவில்லை. மருமகன் முகத்தைத்தான் பார்த்தாள். காலையில் வாசலில் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்கிட்ட," என்றான் சகாயம். "என்கிட்டதான் அத்தே நின்னுச்சு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்தது. அது அவனுக்குத் தெரிந்தது. சவரிமேரி கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். போனை அணைக்கவில்லை.